தாத்தாவின் தச்சுக் கருவிகளை என்ன செய்வது?

கேள்வி: “என் தாத்தா தச்சர். போன வருடம் தவறிவிட்டார். உளி, இழைப்புளி, ரம்பம் என்று ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. வீட்டில் யாருக்கும் அந்தத் தொழில் தெரியாது. விற்றுவிடலாமா, அல்லது கண்ணாடிப் பெட்டியில் வைத்து வரவேற்பறையில் மாட்டலாமா?”

மாட்டாதீர்கள். மற்றதை மெதுவாகப் பேசலாம், முதலில் அந்தக் கண்ணாடிப் பெட்டி யோசனையை விட்டுவிடுங்கள்.

உங்கள் நிலைமை ஓரளவு புரிகிறது. ஊர் வீட்டை இடிக்கப் போகிறார்கள், அல்லது பங்கு பிரிக்கப் போகிறார்கள். பெட்டி பரணில் கிடக்கிறது. அத்தை ஒருவர் ‘பழைய இரும்புக்குப் போடு’ என்கிறார். வீட்டில் இன்னொருவர் எங்கோ படம் பார்த்துவிட்டுச் சுவரில் மாட்டினால் அழகாக இருக்கும் என்கிறார். உங்கள் வீட்டில் அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

என் தாத்தா பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் வண்டிப்பட்டறை வைத்திருந்தார். அரும்பாவூர் பக்கம். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான், எனக்கு அதில் பொறாமை இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பெயரைச் சொன்னதும் ‘சாமி சிலை செய்கிற குடும்பமா?’ என்று ஆர்வமாகக் கேட்பவர்களிடம் ‘இல்லை, வண்டிச் சக்கரம்’ என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். ஏரும் வண்டியும் நிலைக்கதவும் செய்தவனுக்கு ஒரு குறியீடும் கிடையாது.

பட்டறை என்றதும் கட்டடம் எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வாசலில் ஒரு வேப்பமரம், அதையொட்டி ஒரு கீற்றுச் சாய்ப்பு, அவ்வளவுதான். சக்கரத்துக்குக் கருவேல மரம். நாட்டுக் கருவேலத்தைச் சொல்கிறேன், சீமைக்கருவேலத்தை அல்ல; இதைக் குழப்பிக்கொண்டு ஒருவர் கட்டாயம் சண்டைக்கு வருவார், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வெட்டிய மரத்தை ஏரித் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார். மரத்தின் சாறு இறங்கிவிட்டால் பூச்சி அண்டாது. பிறகு நிழலில் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெடித்துவிடும். வண்டி கேட்டு வந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் மரம் காயும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஊரில் தாத்தாவுக்கு இருந்த ஒரே அதிகாரம் அது.

சக்கரத்தின் நடுவில் குடம். அதிலிருந்து 12 ஆரக்கால். சுற்றிலும் வட்டை எனும் வளைந்த மரத்துண்டுகள் 6, வட்டைக்கு இரண்டு ஆரக்காலாக. ஆரக்காலின் ஒரு முனை குடத்தின் துளையிலும் மறுமுனை வட்டையின் துளையிலும் அடித்து இறக்கப்படும். ஆணி இல்லை, பசை இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது மேலே ஏறுகிற இரும்புப் பட்டைதான். அதன் சுற்றளவு, மரச் சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். கொல்லர் வறட்டி அடுக்கி நெருப்பு மூட்டி அதைப் பழுக்கக் காய்ச்சுவார். காய்ந்த இரும்பு விரிந்து கொடுக்கும். இடுக்கிகளால் பிடித்துத் தூக்கி வந்து சக்கரத்தின் மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டி உட்காரவைத்து, குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டுவார்கள். தாமதித்தால் வட்டை கருகிவிடும். பட்டை குளிர்ந்து சுருங்கும்போது ஆரக்கால்கள் குடத்துக்குள் நெருங்கி இறங்குகிற சத்தம் கேட்கும். புகைக்கும் நீராவிக்கும் நடுவில் தாத்தா அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருப்பார்.

பட்டை எவ்வளவு குறைவாக இருக்க வேண்டும் என்பதில்தான் வித்தை. அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது தச்சுக் கணக்கு. இந்தக் குறைவு சில நூல்களுக்குள் அடங்கிவிடும். அதிகமாகக் குறைத்தால் பட்டை சுருங்குகிற வேகத்தில் சக்கரமே குழிந்து கோணிப்போகும். போதாமல் குறைத்தால் கோடையில் மரம் வற்றியதும் பட்டை நடுவழியில் கழன்று விழும். கொல்லருக்கு அளவு சொல்வது தாத்தா. கயிற்றால் அளப்பார், மரத்தைத் தட்டிப் பார்ப்பார், ஒரு எண்ணைச் சொல்வார். எதையும் எழுதி வைத்ததில்லை.

என் வேலை நூல் பிடிப்பது. காவியில் நனைத்த நூலின் ஒரு முனையை நான் மரத்தின் மேல் அழுத்திக்கொள்ள, மறுமுனையிலிருந்து தாத்தா சுண்டிவிடுவார்; அறுக்க வேண்டிய கோடு நேராக விழும். உளி பிடிக்கும் வேலை சித்தப்பா மகன்களுக்கு. ‘பெண் பிள்ளைக்குப் பட்டறையில் என்ன வேலை’ என்று அப்பாயி சத்தம் போடும். ஆனால் பையன்கள் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டதால், உளியைச் சாணைக்கல்லில் தீட்டுகிற வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. வாயின் சரிவு முழுதும் கல்லில் படிய வேண்டும், கை ஆடக் கூடாது, தண்ணீர் வற்றக் கூடாது. தீட்டிய உளியைத் தாத்தா தன் முன்கையில் வைத்து மயிரை வழித்துப் பார்ப்பார். வழியாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். இன்றைக்கும் என்னால் உளி தீட்ட முடியும். அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் என்னைப் பார்த்து யாரும் இதை நம்புவதில்லை.

இந்த இடத்தில் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒரு சாரார் ‘பரம்பரைத் தொழில், ரத்தத்தில் ஊறியது, விட்டுவிட்டீர்களே’ என்று உருகுவார்கள். இன்னொரு சாரார் ‘குலக்கல்விக்குக் கொடி பிடிக்கிறாயா’ என்று பாய்வார்கள். 2023இல் கைத்தொழில் செய்பவர்களுக்கென்று ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தபோதும் இரு தரப்பும் இதையே பேசியதைப் பார்த்தேன். இருவரும் கொஞ்சம் பொறுங்கள்.

1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நாள் படிப்பு, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று கொண்டுவந்தபோது, தாத்தாவின் கடைசித் தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தார். அடுத்த ஆண்டே காமராஜர் முதல்வராகி அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சின்னத் தாத்தா தொடர்ந்து படித்தார், பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்தார், மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கினார். தாத்தாவோ களத்துமேட்டில், எல்லோருக்கும் அளந்து முடிந்த பிறகு, தன் பங்கு நெல்லுக்குச் சாக்கோடு நின்றார். பண்ணை வீட்டுச் சிறுவன் வந்து ‘ஆசாரி, அப்பா கூப்பிடுகிறார், வா’ என்பான். தாத்தாவுக்கு அப்போது பேரன் பேத்தி எடுத்த வயது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார்.

அந்த ‘வா’வைக் கேட்டு வளர்ந்த என் அப்பா உளியைத் தொட்டபோது தாத்தா, ‘இதைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன், போய்ப் படி’ என்றாராம். அப்பா படித்து அரசு அலுவலகத்தில் எழுத்தரானார். ஆக, எங்கள் குடும்பத்தில் இந்தத் தொழிலை யாரும் கைவிட்டுவிடவில்லை. தாத்தாவே யோசித்து, தன்னோடு முடியட்டும் என்று முடித்துவைத்தார். அதற்காக நான் வருந்தவும் இல்லை. அதே தாத்தா ஒரு ஆரக்கால் நூல் பிசகினால் இரவு சாப்பிடமாட்டார். இந்த இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்தன. ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

பிறகு டயர் வண்டி வந்தது, டிராக்டர் வந்தது, கடைசியில் குட்டியானை வந்தது. சக்கர வேலை நின்றது. தாத்தா கதவு, நிலை, ஜன்னல் என்று மாறிக்கொண்டார். கண் மங்கும்வரை செய்தார்.

அவர் போன பிறகு சித்தப்பா பழம்பொருள் வியாபாரி ஒருவரைக் கூட்டி வந்தார். வந்தவர் உளிகளை மொத்தமாகத் தராசில் போட்டு இரும்பு விலை சொன்னார். சார்த்தி வைத்திருந்த ஒற்றைச் சக்கரத்துக்கு மட்டும் தனி மரியாதை. ‘இது ஹோட்டலுக்குப் போகும்’ என்றார். அப்பா தடுக்கவில்லை. நான் பெட்டியில் இருந்ததில் பாதியை வண்டியில் ஏற்றிக்கொண்டேன்; சக்கரம் என் வண்டியில் ஏறாது.

சில காலம் கழித்து, அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெற்றதற்காக நெடுஞ்சாலையில் உள்ள ஒரு ‘பாரம்பரிய’ உணவகத்துக்குப் போனோம். கேழ்வரகுக் களிக்குப் பிரியாணி விலை. நுழைவாயிலில் ஒரு வண்டிச் சக்கரத்தைப் படுக்கப் போட்டு, மேலே கண்ணாடி பதித்து மேசையாக்கியிருந்தார்கள். பளபளவென்று வார்னிஷ். தாத்தா செய்ததுதானா என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கத்து அளவு, அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன். குனிந்து ஓர் ஆரக்காலை விரலால் அசைத்தேன். ஆடியது. ஏசி அறையில் மரம் வற்றிச் சுருங்கி, பட்டை தளர்ந்து, கண்ணாடியும் வார்னிஷும் மட்டும் அதைச் சேர்த்துப் பிடித்திருந்தன. ‘ஆன்டிக் மேடம், தொடாதீர்கள்’ என்றார் பரிமாறுபவர். அவரிடம் என்ன சண்டை போடுவது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்ககத்தில் சமையலறை அலமாரி செய்துகொடுத்த ஒப்பந்தக்காரர், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்தார். உள்ளே இருந்தது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. ஒரே மழைக்காலத்தில் பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ்ப்பலகை ஊறி உப்பி, கீல் திருகாணியோடு கையில் வந்துவிட்டது. கூப்பிட்டால், ‘பயன்படுத்தும் விதம் சரியில்லை மேடம்’ என்கிறார். சமையலறையில் தண்ணீரைப் பயன்படுத்தியது என் குற்றமாம். வருடக்கணக்கில் சேற்றிலும் ஆற்றிலும் இறங்கி ஏறும் சக்கரத்தைச் செய்தவருக்குக் கிடைத்தது சில மூட்டை நெல். இவருக்குக் கொடுத்தது லட்சக்கணக்கில். சரி, விடுங்கள்.

உங்கள் பெட்டிக்கு வருகிறேன். நான் கொண்டுவந்த உளிகளை முதலில் அரும்பாவூரில் ஒரு சிற்பியிடம் காட்டினேன். மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். அவர் மரியாதையாக ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘இவை துளை போடும் உளிகள், பருமன் அதிகம், என் வேலைக்கு ஆகாதும்மா’ என்று திருப்பித் தந்தார். எஃகை மட்டும் புகழ்ந்தார். லாரியின் வில்பட்டையில் அடித்ததாக இருக்கும் என்றார். கருவி கையில் வந்தால் எந்தத் தச்சரும் பயன்படுத்திவிடுவார் என்று நினைக்காதீர்கள்.

வாங்கிக்கொண்டவர் எங்கள் தெருவில் கதவு வேலை செய்பவர். அவரிடம் எல்லாவற்றுக்கும் மின்கருவி இருக்கிறது. ஆனாலும் மழைக்காலத்தில் கதவு உப்பி நிலையில் இழுக்கும்போது, மாடி வீட்டில் நின்றபடி ஓர் ஓரத்தை மட்டும் லேசாகச் சீவ, கை இழைப்புளிதான் தோது என்றார். தாத்தாவின் இழைப்புளி இப்போது அவருடைய பையில் இருக்கிறது. இரண்டு உளிகளும், உளியைத் தட்டும் புளியமரக் கொட்டாப்புளியும்கூட அவரிடம்தான். எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு இழுத்தபோது அந்த இழைப்புளியை இரவல் வாங்கி நானே சீவினேன். அவர் பக்கத்தில் நின்று குறை சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனவே உங்கள் பகுதியில் கதவு, ஜன்னல் வேலை செய்கிற, கொஞ்சம் வயதான தச்சரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். வேண்டியதை அவர் எடுத்துக்கொள்ளட்டும். அருகில் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவு இருந்தால் அங்கேயும் கேட்கலாம். கொடுப்பதற்கு முன் துருவை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துவிட்டு, இரும்பில் மட்டும் மெல்லிதாக எண்ணெய் பூசுங்கள். மரக் கட்டையையும் பிடிகளையும் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள். வழுக்குகிற பிடியை எந்தத் தச்சரும் விரும்பமாட்டார்.

மரம் செதுக்கும் வாய்ச்சியை மட்டும் இப்போது அநேகமாக யாரும் வாங்குவதில்லை. வண்டிக்கும் ஏருக்கும் மரத்தைக் கையால் செதுக்கி உருவாக்கும் வேலை ஏறக்குறைய நின்றுவிட்டது. அதை வேண்டுமானால் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில். பழையதானாலும் காலை வெட்டும். மிச்சத்தை விற்றே ஆக வேண்டும் என்றால் விற்றுக்கொள்ளுங்கள், அதில் ஒன்றும் பாவம் இல்லை. வியாபாரி தராசை எடுத்தால் மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து விலை பேசச் சொல்லுங்கள்.