பொய்ச் செய்தி எது என்று அரசே அறிவிப்பதில் என்ன தவறு?

பொய்ச் செய்திகளைத் தடுக்க அரசு ஏதாவது செய்தாலே கருத்துரிமை பறிபோகிறது என்று ஏன் கூச்சலிடுகிறார்கள், தவறு செய்யாதவர் எதற்கு அஞ்ச வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் குப்பைகளைப் படித்துச் சலித்துப் போய்த்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சலிப்பு எனக்கும் உண்டு. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்தும் கும்பல் நடமாடுவதாகப் பரவிய வதந்தியை நம்பித் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். எனவே வதந்தி பரப்புவதும் கருத்துரிமைதான் என்று வாதிடுபவன் என என்னை நினைத்துவிட வேண்டாம்.

ஆனால் தவறு செய்யாதவர் எதற்கு அஞ்ச வேண்டும் என்ற வரியை மட்டும் என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை.

பக்கத்து வீட்டுச் சிறுவனை நாய் கடித்தபோது எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். நாய்க்கடி ஊசி தீர்ந்துவிட்டது, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு, இந்தத் தேதியில் இந்த மருத்துவமனையில் ஊசி இருப்பு இல்லை என்று சமூக வலைதளத்தில் எழுதினேன். யாரையும் திட்டவில்லை, அரசியலும் பேசவில்லை. ஊர்க்காரர்கள் பலர் பகிர்ந்தார்கள். மறுநாள் மாலை ஓர் அரசு அலுவலகத்தின் பக்கத்தில் என் பதிவின் ஸ்கிரீன்ஷாட் வெளியானது. அதன் குறுக்கே 'பொய்ச் செய்தி' என்று சிவப்பு முத்திரை குத்தப்பட்டிருந்தது, என் பெயரும் படமும் மறைக்கப்படவில்லை. விளக்கமாகக் கீழே இருந்தது ஒரே வரிதான்: மாவட்டத்தில் தடுப்பூசி போதிய அளவு இருப்பில் உள்ளது.

அந்த வரியைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். மாவட்டக் கிடங்கில் ஊசி இருந்திருக்கலாம். நான் எழுதியது கிடங்கைப் பற்றி அல்ல. நாய் கடித்த பிள்ளையோடு நிற்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல என்பதை விளக்கலாமென்றால், அந்த அறிவிப்பில் கையொப்பமிட்ட அதிகாரியின் பெயரோ, மறுப்பைத் தெரிவிக்க ஒரு முகவரியோ இல்லை. ஊர்க் குழுவின் அட்மின் என்னை நீக்கினார். பகிர்ந்தவர்கள் ஒவ்வொருவராக அழித்தார்கள். அரசுப் பணியில் இருக்கும் என் மைத்துனர், தன் வேலைக்குச் சிக்கல் வந்துவிடும் என்று பதிவை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். நான் எடுக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அந்த மருத்துவமனையின் இருப்புப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். அந்தத் தேதிக்கு நேரே இருப்பு 'இல்லை' என்று அவர்கள் கையெழுத்திலேயே இருந்தது. அதை அந்த அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியும் முத்திரை குத்திய அறிவிப்பு இன்றுவரை நீக்கப்படவில்லை.

எந்த அரசின் அலுவலகம், நீ எந்தக் கட்சி என்று கருத்துப் பகுதியில் கேட்பீர்கள். ஒன்றிய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் 2019 முதல் இப்படிச் சரிபார்ப்பு நடத்துகிறது. தமிழ்நாடு அரசும் 2023இல் தகவல் சரிபார்ப்பகம் அமைத்தது. என் மனக்குறை இரண்டுக்கும் பொருந்தும் என்பதால் கட்சியை விட்டுவிடுங்கள்.

என் மீது விழுந்த முத்திரைக்குச் சட்ட வலு எதுவும் இருக்கவில்லை, அதற்கே இவ்வளவு. 2023 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்ப விதிகளில் கொண்டுவந்த திருத்தம் அந்த வலுவையும் சேர்த்தது. ஒன்றிய அரசின் செயல்பாடுகள் குறித்த ஒரு பதிவைப் போலியானது, பொய்யானது அல்லது திசைதிருப்புவது என்று அரசின் குழுவே அடையாளம் காட்டலாம் என்றது அந்தத் திருத்தம். அதன் பிறகும் அதை விட்டுவைக்கும் தளம், பயனர்களின் பதிவுகளுக்குத் தான் பொறுப்பாகாமல் இருக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு தரும் பாதுகாப்பை இழக்க நேர்ந்திருக்கும். என் ஒருவனுடைய பதிவுக்காக எந்த நிறுவனம் அந்த ஆபத்தை ஏற்கும்? பதிவேட்டு நகல் என் கைக்கு வருவதற்குள் பதிவு மறைந்திருக்கும். நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் மும்பை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2024 ஜனவரியில் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினார்கள். மார்ச்சில் ஒன்றிய அரசு குழுவை முறைப்படி அறிவிக்க, மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. செப்டம்பரில் மூன்றாவது நீதிபதி அந்தத் திருத்தம் அரசமைப்புக்கு முரணானது என்றார். பேச்சைக் கட்டுப்படுத்தும் காரணங்களை அரசமைப்பின் 19(2) பிரிவு பட்டியலிடுகிறது. ஒரு செய்தி பொய் என்பது மட்டுமே அப்பட்டியலில் ஒரு காரணமாக இல்லை.

அப்படியானால் அரசு கைகட்டி நிற்க வேண்டுமா என்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் காணொளிகள் பரவியபோது, அவை வேறு சம்பவங்களின் காட்சிகள் என்று காவல்துறை இந்தியிலும் விளக்கம் வெளியிட்டது. பீகார் அரசின் குழுவும் நேரில் வந்து பார்த்தது. அச்சத்தைத் தணித்தவை அவைதான். கலவரத்தைத் தூண்டும் வதந்திகளுக்கு வழக்குத் தொடர, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆம் பிரிவும் இருக்கிறது. அதில் குற்றத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியது அரசின் கடமை. முத்திரை குத்தும் அலுவலகத்துக்கோ அப்படி எந்தக் கடமையும் கிடையாது.

நீதிமன்றம்தான் சரிசெய்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். மும்பை வழக்கு முடிய ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆனது. அதை நடத்தியவர்கள் பெயர் பெற்ற கலைஞரும் பத்திரிகையாளர் அமைப்புகளும். நாய்க்கடி ஊசி பற்றிய ஒரு பதிவுக்காக உயர் நீதிமன்றம் வரை போக என்னிடம் பணமும் இல்லை, மைத்துனரின் முகத்தைப் பார்த்தபின் மனமும் இல்லை.