வாங்கும் முன் கேளுங்கள்: பழைய பிக்கப்புக்கு மலிவான பாடி லிஃப்ட்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. பழைய பிக்கப்பின் பாடியை சேஸிஸிலிருந்து, அதாவது அடிச்சட்டத்திலிருந்து, இரண்டு, மூன்று அங்குலம் தூக்கி வைக்கும் பாடி லிஃப்ட் கிட். சஸ்பென்ஷனைத் தொடாமல், பாடி உட்காரும் இடங்களில் கட்டை வைத்து நீளமான போல்ட் போடும் வேலை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். வசவுகளை எடுத்துவிட்டேன்.

கே: "கிரவுண்ட் கிளியரன்ஸ் (வண்டியின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி) 3 அங்குலம் கூடும்" என்று விளம்பரத்தில் போட்டிருந்ததைப் பார்த்து வாங்கிப் பொருத்தினேன். கல் பாதையில் முன்பு இடித்த இடத்திலேயே இப்போதும் இடிக்கிறது. நான் ஏதாவது தப்பாகப் பொருத்திவிட்டேனா?

ப: இல்லை. நீங்கள் சரியாகத்தான் பொருத்தியிருக்கிறீர்கள், விளம்பரம்தான் பொய். பாடி மட்டும் மேலே போகும். சேஸிஸ், சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸில், அதன் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் எல்லாம் இருந்த உயரத்திலேயே இருக்கும். கிடைப்பது பெரிய டயர் போட இடம், அவ்வளவுதான். அந்த டயரும் விட்டத்தில் கூடுவதில் பாதியைத்தான் உயரமாகத் தரும். 235/75 ஆர்15 டயரை எடுத்துவிட்டு 265/75 ஆர்15 போட்டால் விட்டம் 45 மில்லிமீட்டர் கூடும். ஆக்ஸில் 22 மில்லிமீட்டர் சொச்சம்தான் உயரும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 106-ல் ஓடும், அது தனிக்கதை. விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள், அவர்கள் அதை மாற்றுவதற்குள். பிறகு அந்த வாசகத்தை அப்படியே எடுத்துக்காட்டி, பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். பொருத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்பார்கள். பொருத்தாமல் இந்தப் பொய் எப்படித் தெரியும் என்று கேளுங்கள்.

கே: கெட்டி மரத்தில் கட்டை கடைந்து தருவதாக நண்பர் சொல்கிறார். கிட் வாங்கும் காசு மிச்சம்தானே?

ப: ஈரத்தில் ஊறும், காய்ந்தால் பிளக்கும், போல்ட் தளரும். வேண்டாம்.

கே: 2 அங்குலக் கட்டைகளை இரண்டிரண்டாக அடுக்கினால் 4 அங்குலம் வருமே?

ப: கணக்கு சரி. அடுக்காதீர்கள்.

கே: மலிவான கிட்டில் கட்டை மட்டும் வந்தது, போல்ட் இல்லை. கடைக்காரர் ஸ்டெயின்லெஸ் போல்ட் காட்டி, "இதுதான் உசத்தி, துருவே பிடிக்காது" என்கிறார். வாங்கலாமா?

ப: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். போல்ட்டின் தலையைப் பாருங்கள். 8.8 என்று பொறித்திருந்தால் அதன் இழுவிசை வலிமை, அதாவது இழுத்தால் அறுபடாமல் தாங்கும் அளவு, 800 மெகாபாஸ்கல். அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை, நிரந்தரமாக நீண்டுபோகாமல் தாங்கும். 10.9 என்றால் 1000, அதில் 900. கடைக்காரர் காட்டும் பளபளப்பான போல்ட்டில் பெரும்பாலும் ஏ2-70 என்றிருக்கும். அதன் வலிமை 700. நீளத் தொடங்கும் இடம் 450. உசத்தி என்று சொல்லிக் கொடுப்பது சாதாரண 8.8-ஐவிட இளைத்த போல்ட்! அங்குல அளவு போல்ட் என்றால் தலையில் எண் இருக்காது, கோடுகள் இருக்கும். மூன்று கோடு கிரேடு 5, ஆறு கோடு கிரேடு 8. கட்டை வைத்தபின் போல்ட் நீளமாகிறது, பாடி ஆடும்போதெல்லாம் அதை வளைக்கப் பார்க்கிறது. அதனால் 10.9 அல்லது கிரேடு 8 கேளுங்கள், நட்டும் அதற்கு இணையான தரத்தில். எண்ணோடு தயாரிப்பாளரின் முத்திரையும் தலையில் இருக்கிறதா என்று பாருங்கள். 1980-களில் அமெரிக்காவில் போலியாகத் தரக் கோடு பொறித்த போல்ட்டுகள் ராணுவத் தளவாடங்கள் வரை போய்ச் சேர்ந்தது தெரியவந்து, 1990-ல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். ஒரு நாட்டின் ராணுவத்தையே ஏமாற்றிய சரக்கு உங்கள் கடைக்காரரை ஏமாற்றாதா? எண்ணும் இல்லாமல் முத்திரையும் இல்லாமல் மொட்டைத் தலையோடு வரும் போல்ட்டை அலமாரி மாட்டப் பயன்படுத்துங்கள்.

கே: பாதி வேலை முடிந்துவிட்டது. இப்போது ரேடியேட்டர் ஃபேன் அதைச் சுற்றியுள்ள கவசத்தில் உரசுகிறது, ஸ்டியரிங் தண்டு முழுதாக உட்காரவில்லை, கியர் லிவர் ஓட்டையில் இடிக்கிறது. கிட்டோடு வந்த தாளை நான் படிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கலாமா?

ப: நீங்கள் அனுப்பிய படத்திலேயே பெட்டியின்மேல் "கட்டைகள் மட்டும்" என்று எழுதியிருக்கிறது. விற்றவர் மறைக்கவில்லை, நீங்கள் பார்க்கவில்லை. இன்ஜின் சேஸிஸில் நிற்கிறது, ரேடியேட்டர் பாடியோடு மேலே போகிறது; கவசத்தின் கீழ் விளிம்பு ஃபேனில் இடிக்காமல் என்ன செய்யும்? கவசத்தை இறக்கும் பட்டை, ஸ்டியரிங் தண்டுக்கு நீட்டிப்பு, பம்பருக்குப் பிராக்கெட் எல்லாம் தனியாக வாங்க வேண்டும். எரிபொருள் ஊற்றும் குழாய், பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், எர்த் வயர் எதுவும் விறைத்து நிற்கிறதா என்று பாருங்கள். முகப்பு விளக்கும் மேலே போயிருக்கும், ஒளியைத் தாழ்த்தி வையுங்கள். ஸ்டியரிங் சரியாகும்வரை வண்டியை எடுக்காதீர்கள். முழு கிட் விலை அதிகம் என்று இதை வாங்கினீர்கள். இப்போது கூட்டிப் பாருங்கள்.

கே: ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். துருப்பிடித்த போல்ட் சுற்றிக்கொண்டே இருந்ததாம். என்னிடம் கேட்காமல் கேபின் தரையை வெட்டி, பேசியதைப்போல மூன்று மடங்கு பில் தருகிறார்கள்.

ப: பழைய பிக்கப்பில் போல்ட்டின் நட் தரைக்குள் ஒரு கூண்டில் இருக்கும். கூண்டு துருப்பிடித்து உடைந்தால் நட் சேர்ந்து சுற்றும். மேலிருந்து வெட்டித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த வேலையில் ஏமாற்று இல்லை. உங்களிடம் கேட்காமல் வெட்டியதுதான் ஏமாற்று. கழற்றிய பாகங்களையும், எந்த வேலைக்கு எவ்வளவு என்ற பிரிவையும் எழுத்தில் கேளுங்கள். பேசிய தொகைக்கு மேலே உள்ளதை ஒப்புக்கொள்ளாதீர்கள். மற்றவர்களுக்கு: கிட் வாங்குவதற்கு முன்பே துரு இளக்கும் எண்ணெயைச் சில நாள் ஊறவிட்டு, எல்லா போல்ட்டும் அசைகிறதா என்று பாருங்கள். பாடி உட்காரும் இடமே அரித்திருந்தால் லிஃப்ட் ஆசையை விட்டுவிடுங்கள். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் பழைய ரப்பர் புஷ்களையும் அப்போதே மாற்றுங்கள்.

கே: "வாழ்நாள் உத்தரவாதம்" என்கிறார்களே?

ப: கட்டைக்கு. கழற்றி மாட்டும் கூலிக்கு இல்லை.

கே: ஏற்கனவே லிஃப்ட் போட்ட பிக்கப் விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

ப: டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கட்டையா என்று பாருங்கள். நான் வாங்கிய ஒன்றில் ஒரு கட்டை மட்டும் நிறம் வேறாக இருந்தது. கழற்றினால் பெயின்ட் அடித்த தண்ணீர்க் குழாய்த் துண்டு. விற்றவர் அதன்பின் போனை எடுக்கவே இல்லை. அந்த வேலைக்காக வாங்கிய மலிவான டார்க் ரெஞ்ச் (வைத்த அளவுக்கு போல்ட் இறுகியதும் 'கிளிக்' என்று சொல்ல வேண்டிய ஸ்பேனர்) எந்த அளவில் வைத்தாலும் 'கிளிக்' என்று சொன்னதில்லை, அதையும் என் நஷ்டக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் இணைப்பில் ஆட்டம் இருக்கிறதா, கேபினும் பின்தொட்டியும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

கே: என் பிக்கப்புக்குத் தனி சேஸிஸே கிடையாது, பாடியோடு ஒன்றாகவே செய்தது என்கிறார் மெக்கானிக். கிட் ஆர்டர் செய்துவிட்டேன்.

ப: பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள். இன்றைக்கே.

கே: லிஃப்ட் போட்டதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

ப: ஆமாம். போடுவதற்கு முன்பே, எழுத்தில். பதிவு அலுவலகத்திலும் அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு அப்புறம் ஜாக்கியை எடுங்கள்.