சாதகத்தில் இல்லாத இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு இது ஏழாம் மாதம். 1996இல் இராணுவத்தின் ‘சத்ஜெய’ நடவடிக்கையின்போது கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து போன வழியில், அக்கராயனில் ஒரு மரத்தின் கீழ் அம்மா என்னைப் பெற்றார். அதைப்பற்றி ஒரு சொல் சொல்லமாட்டார். இப்போது சிசேரியன்தான் செய்ய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். தாயின் பயம் மரபணு வழியாகப் பேரப்பிள்ளை வரை போகும் என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன். அம்மாவின் பயம் என் பிள்ளைக்கும் வருமா? நான் எந்த முறையைத் தெரிவு செய்வது?

– ஒரு வாசகி, கிளிநொச்சி

தங்கச்சிக்கு,

எந்த முறை என்பதை உம்மைப் பார்க்கிற மருத்துவரிடம் கேளும். கதை எழுதுகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது?

கட்டுரையையும் கொஞ்சம் தள்ளி வையும். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பட்டினி கிடந்த தாய்மாரின் வயிற்றில் இருந்தவர்களை அறுபது வருடம் கழித்துச் சோதித்தபோது, மரபணுவின் மேல் ஒட்டியிருக்கும் இரசாயனக் குறிகளில் வேறுபாடு கண்டார்கள். உண்மைதான். ஆனால் அது பட்டினியின் தடம். அதை வைத்துக்கொண்டு, மரத்தின் கீழ் பெற்றவள் பேரப்பிள்ளையின் இரத்தத்திலும் பயத்தைக் கலந்துவிட்டாள் என்றால் எனக்குக் கோபம் வருகிறது. ஷெல் அடித்தவனை விட்டுவிட்டுப் பெற்றவளிடமா கணக்குக் கேட்பது?

உமது கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி: ‘ஒரு சொல் சொல்லமாட்டார்.’ நீர் கேட்டீரா? இந்த முப்பது வருடத்தில் ஒருமுறையாவது? சாதகம் எழுத நாழிகை பிசகாமல் நேரம் கேட்கிறோம். கிளினிக்கில் உமது அம்மாவுக்குச் சீனி வருத்தமா, பிரஷரா என்று கேட்டுக் கொப்பியில் எழுதியிருப்பார்கள். பெற்றவளுக்கு அந்த இரவு எப்படி விடிந்தது என்று எழுத இரண்டிலும் இடமில்லை. பிள்ளை என்ன, எத்தனை கிலோ, யாருடைய மூக்கு. அவ்வளவுதான் நமது விசாரணை.

நானும் கேட்டதில்லை. முத்தையன்கட்டிலிருந்து மழைக்குள் டிராக்டர் பெட்டியில் போகும்போது, எனக்கு முன் ஒரு பிள்ளையை அம்மா பெற்றிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது பிள்ளைக்கு மூச்சில்லை. என் மகள் பிறந்து, எனக்குப் பத்தியக் காயத்துக்குச் சரக்கு இடித்துக்கொண்டிருந்த அன்றுதான் இதைச் சொன்னார். அதுவும் மஞ்சள் விலையைப் பற்றிய பேச்சுக்கு நடுவே, உலக்கையை நிறுத்தாமல்.

சின்ன வயதில் இரவு நித்திரையில் அவரது விரல் என் மூக்கின் கீழ் வந்து நிற்கும். எரிச்சலில் தட்டிவிடுவேன். என் மகளுக்கு இப்போது இருபத்திரண்டு. போன மாதம் விடுமுறையில் வந்து தூங்கியவளின் மூக்கின் கீழ் என் விரல். அவளும் தட்டிவிட்டாள். இதை எந்த மரபணுவில் தேடுவது?

‘உங்கள் பயத்தை என்மேல் ஏற்றாதீர்கள்’ என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர். (இதற்குள் சொல்லியிருப்பீர்.) என்ன நடந்தது என்று நேரே கேட்டாலும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அக்கராயனில் நின்ற மரம் பாலையா, முதிரையா என்று கேளும்.