கணக்கு வரும், படம் பிடிக்கும், உட்கார மாட்டாள்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அதில் ஆசை இல்லை. அனிமேஷன் படிப்பேன் என்கிறாள். எதிலும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்வதில்லை. திறமை இருக்கும் துறைக்கே போகட்டும் என்கிறேன் நான். என் கணவரோ, "சித்திரமும் கைப்பழக்கம். சுய கட்டுப்பாடு வந்துவிட்டால் எந்தத் துறையும் ஒன்றுதான்" என்கிறார். திறமையா, ஆர்வமா, சுய கட்டுப்பாடா? எதை வைத்து முடிவெடுப்பது?
- ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. அமெரிக்க உளவியலாளர்கள் ஏஞ்சலா டக்வொர்த்தும் மார்ட்டின் செலிக்மனும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டாம் வகுப்பு மாணவர்களின் மதிப்பெண்ணைக் கணிப்பதில் நுண்ணறிவுச் சோதனையைச் சுய கட்டுப்பாடு முந்தியது. ஆனால் அது மதிப்பெண்ணின் கதை. பாடத்தையும் தேர்வுத் தேதியையும் வேறு யாரோ முடிவுசெய்துவிட்ட இடத்தில், உட்கார்ந்து முடிப்பவர் ஜெயிக்கிறார். எந்தப் பாடம் என்பதே கேள்வியாக இருக்கும்போது, 'ஒழுங்காக உட்கார்' என்பது எந்தப் பக்கமும் வழி காட்டாது.

தவிர, ஒரே ஆளுக்கு எல்லா வேலையிலும் ஒரே அளவு கட்டுப்பாடு இருப்பதில்லை. சார்லஸ் டார்வினை 1825-இல் மருத்துவம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார், மருத்துவரான அவர் தந்தை. மயக்க மருந்து வராத காலம். அறுவை சிகிச்சையைப் பார்க்கச் சகிக்காமல் டார்வின் ஓடினார், இரண்டு ஆண்டுகளில் படிப்பையும் விட்டார். குடும்பத்துக்கே அவமானம் ஆகப்போகிறாய் என்று தந்தை திட்டினார். அதே ஆள்தான் பின்னால் 1846 முதல் 1854 வரை, பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசு என்ற சிற்றுயிரியை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். நடுவில் வெறுத்துப்போய், இதை என்னளவுக்கு வெறுத்தவர் எவரும் இல்லை என்று நண்பருக்கு எழுதவும் செய்தார். வெறுத்துக்கொண்டே முடித்தார்.

எனக்கு அந்தக் கடிதம்தான் முக்கியமாகப் படுகிறது. ஆர்வம் இருந்தால் அலுப்பே வராது என்று பிள்ளைகளை நம்பவைத்திருக்கிறோம். (கல்லூரி விளம்பரங்களுக்கும் இதில் பங்கு உண்டு.) முதல் அலுப்பு வந்ததும் 'இது எனக்குச் சரிப்படாது' என்று எழுந்துவிடுகிறார்கள். ஆகவே, உங்கள் மகளுக்கு எது பிடிக்கிறது என்று கேட்பதைவிட, எந்த வேலையின் சலிப்பை அவளால் பொறுக்க முடிகிறது என்று பாருங்கள்.

அனிமேஷனில் சலிப்புக்குக் குறைவில்லை. திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்). ஒரே படத்தை இரண்டு சட்டகங்களுக்கு வைத்துச் சமாளித்தாலும் நொடிக்கு 12 படங்கள் வரைய வேண்டும். ஒரு பாத்திரம் நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, எதையோ மறந்ததுபோல் எழுந்து போவதற்குப் பத்து நொடி என்று வைத்தால், 120 படங்கள். அந்தப் பத்து நொடியை மகளைச் செய்யச் சொல்லுங்கள். நாற்பதாவது படத்தோடு விட்டுவிட்டால், அவளுக்குப் பிடித்தது பார்ப்பது மட்டுமாக இருக்கலாம். கட்டணம் கட்டுவதற்கு முன்பே அது தெரிவது நல்லதுதான். உட்காரும் இடம் சரியாக வரவில்லை என்று தானே அழித்துவிட்டு மறுபடி வரைந்தால், அவளுக்கு எங்கே கட்டுப்பாடு இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். படம் அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். முதல் முயற்சி அழகாக இருக்காது.

இனி கணக்கு. பள்ளிக் கணக்குக்கு விடை இருப்பது முன்பே தெரியும். அதைச் சட்டென்று போடுவதால் மட்டும் கணக்கையே தொழிலாகக் கொள்ள வேண்டும் என்றில்லை. ஆனால் இரண்டில் ஒன்று என்று நீங்கள் ஏன் வைத்துக்கொண்டீர்கள்? முப்பரிமாண அனிமேஷனில் ஒரு உருவத்தைத் திருப்புவதும் நகர்த்துவதும் அணிகள் (மேட்ரிக்ஸ்), திசையன்கள் (வெக்டர்), முக்கோணவியல் ஆகிய கணக்குகள்தான். வரைபவர் கண்ணுக்கு இது தெரியாது. அவருக்கான மென்பொருள் கருவிகளைச் செய்து கொடுப்பவருக்கு இதுதான் தினசரி வேலை. டெக்னிக்கல் டைரக்டர் என்று அந்தப் பணியைச் சொல்வார்கள். படமும் கணக்கும் தெரிந்தவர்களுக்கு அங்கே தனி மதிப்பு. இப்படி ஒரு வேலை இருப்பது 17 வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு, எடுத்துச் சொல்லுங்கள். இப்போதைக்குக் கணக்கை விட்டுவிட வேண்டாம். பிறகு விடுவது சுலபம், விட்டதைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

அந்த 120 படங்களுக்கு இரண்டு மாதம் கொடுங்கள். எத்தனை முடிந்தது என்று தினமும் கேட்க வேண்டாம் எனக் கணவரிடம் சொல்லிவையுங்கள். கேட்டால், அவளாக உட்கார்ந்தாளா, அப்பாவுக்காக உட்கார்ந்தாளா என்பது தெரியாமலே போய்விடும்.