'மரைன்' என்றால் எந்த மரைன்?

போன வாரம் ராமநாதபுரத்திலிருந்து ஒரு குடும்பம் ஆலோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா விசைப்படகில் டிரைவர். மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ, கடைசி செமஸ்டர். கூடவே பெரியப்பா. பேசியதில் முக்கால்வாசி அவர்தான். "பையனை மரைன்ல சேத்துடணும் சார். லேட்டரல்ல நேரா ரெண்டாம் வருஷத்துல பி.இ., அப்புறம் ஒரு வருஷம் மரைன் கோர்ஸ். மாசம் லட்சத்துல சம்பளம்." அம்மா வாயே திறக்கவில்லை. மடியில் வைத்திருந்த பையில் வீட்டுப் பத்திரம் இருந்தது. ஏஜென்ட்டைப் பார்க்கப் போகும் வழியில் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

முதலில் ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன். பத்திரத்தைப் பார்த்த பிறகு அதை நிறுத்திக்கொண்டேன்.

தம்பியிடம், "உனக்கு மரைன்னா என்ன?" என்று கேட்டேன். செல்போனை எடுத்து அமெரிக்க மரைன் வீரர்கள் கரையில் இறங்கும் வீடியோவைக் காட்டினான். அப்பா மனதில் இருந்தது கரையோரத்து மரைன் போலீஸ். பெரியப்பாவுக்கோ சரக்குக் கப்பல். மூன்று பேரும் ஒரு வருஷமாக ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு விஷயம் பேசியிருக்கிறார்கள்!

சரக்குக் கப்பல் வேலை படையே கிடையாது, கம்பெனி வேலை. தம்பி காட்டிய அமெரிக்க மரைன் படை 1775-இல் தொடங்கியது. தனிப் படைதான், சொந்தமாகப் போர் விமானம்கூட வைத்திருக்கிறது. ஆனாலும் கடற்படைத் துறைக்குக் கீழேதான் இயங்குகிறது. அந்த வீரர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள்கூடக் கடற்படை ஆட்கள். நம் நாட்டில் அப்படி ஒரு தனிப் படை இல்லை. கடலிலிருந்து கரையேறிச் சண்டை போட ராணுவத்திலேயே பயிற்சி பெற்ற பிரிவுகள் இருக்கின்றன. 1987-இல் உருவான மார்கோஸ் என்ற கமாண்டோ பிரிவு கடற்படையின் ஒரு பகுதி. முதலில் கடற்படையில் சேர்ந்தால்தான் அந்தப் பக்கம் போக முடியும்.

இவர்கள் யாருமே பேச்சில் எடுக்காத ஒன்று, தினமும் கண்ணில் படுகிற வெள்ளைக் கப்பல். கடற்படைக் கப்பல் சாம்பல் நிறம். வெள்ளை உடம்பில் சாய்வாகப் பட்டை போட்டிருந்தால் அது இந்தியக் கடலோரக் காவல்படை. 1977 பிப்ரவரி 1 அன்று தற்காலிகமாகத் தொடங்கி, 1978-இல் தனிச் சட்டம் பெற்ற படை. ஆரம்பத்தில் இருந்தவை ஏழே கலங்கள். எல்லைப் பாதுகாப்புப் படை உள்துறைக்குக் கீழ். இது ராணுவம், கடற்படை, விமானப்படை போலவே பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கீழ். அதற்காகக் கடற்படையின் கிளை என்று நினைத்துவிடாதீர்கள். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, 2009-இல், கடல் பாதுகாப்பு முழுவதற்கும் கடற்படையைப் பொறுப்பாக்கி, 12 கடல் மைல் வரையிலான கரைக்கடல் பாதுகாப்பை இவர்களிடம் கொடுத்தார்கள். கரையை ஒட்டிய பகுதியில் ரோந்து போவது மாநில மரைன் போலீஸ். 200 கடல் மைல் வரை கடத்தலைத் தடுப்பது, எண்ணெய்க் கசிவை அள்ளுவது, கவிழ்ந்த படகைத் தேடுவது எல்லாம் வெள்ளைக் கப்பலின் வேலை. கடலில் ஆபத்து என்றால் 1554-க்கு அடிக்கிறோமே, அதை எடுப்பவர்களும் இவர்கள்தான்.

இதில் டிப்ளமோ பையனுக்கென்றே ஒரு வாசல் இருக்கிறது. பெயர் 'யாந்த்ரிக்', தொழில்நுட்பப் பணி. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் பிரிவுகளில் ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற டிப்ளமோ வேண்டும். வயது 18 முதல் 22, ஓ.பி.சி.க்கு 3 வருஷமும் எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 வருஷமும் சலுகை. முதலில் கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு. ஒரு பகுதி பத்தாம் வகுப்புத் தரம், இன்னொன்று அவன் படித்த டிப்ளமோ பாடம். தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒரு கேள்வியையும் விட வேண்டாம். வினாத்தாள் தமிழில் வராது. ஆங்கிலத்தில் வாசித்துப் பழக வேண்டும். அடுத்தது உடல் தகுதி: 1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி, உடனே 20 தோப்புக்கரணம், 10 தண்டால். ஓட்டம் மட்டும் தினமும் பழகாமல் வராது. இதற்கெல்லாம் முன்னால் ஒரு கண் டாக்டரிடம் நிறக்குருடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கையில் பச்சை குத்துகிற ஆசை இருந்தால் அதையும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

பயிற்சி ஒடிசாவில், ஐ.என்.எஸ். சில்காவில். கடற்படையின் அக்னிவீரர்கள் பயிற்சி எடுக்கும் இடமும் அதுதான். 2022-இல் வந்த அக்னிபாத் திட்டப்படி அவர்களுக்கு நான்கு வருஷம். அதன் பிறகு கால்வாசிப் பேர் வரைதான் தொடர முடியும். கடலோரக் காவல்படை அந்தத் திட்டத்தில் இல்லை. யாந்த்ரிக் வேலை நிரந்தரம். அடிப்படைச் சம்பளம் 29,200, அதன் மேல் யாந்த்ரிக் படி 6,200, பிறகு அகவிலைப்படி மற்றவை. விண்ணப்பக் கட்டணம் 300 ரூபாய்.

பெரியப்பா இந்த இடத்தில் சிரித்தார். "அங்க லட்சம் சார்." அங்கே லட்சம் கிடைக்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதுவரை நான்கு வருஷப் படிப்புச் செலவு, அதற்கு மேல் கப்பல் கிடைக்கும் வரை காத்திருப்பு. வட்டி யாருக்கும் காத்திருக்காது. இன்னொன்று: கப்பலுக்கு ஆள் எடுக்க அரசு தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வேண்டும், உரிமம் உள்ளவர்களும் வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது. சீட்டுக்கும் வேலைக்கும் சேர்த்து 'பேக்கேஜ்' பேசுகிறவரிடம் பத்திரத்தைக் காட்டவே காட்டாதீர்கள். இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

பையன் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்: "இன்னும் நாலு வருஷம் கிளாஸ்ல உக்கார முடியாது சார்." லீவு நாளில் அப்பாவின் படகு லேலண்ட் இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறவன் அவன். அதைக் கேட்ட பிறகும் லேட்டரல் என்று பேசினால், பெரியப்பாவின் ஆசைக்குத் தம்பியின் தோளைக் கேட்பதாகத்தான் அர்த்தம்.

கிளம்பும்போது அப்பா மெதுவாகக் கேட்டார்: "எல்லைக்கிட்ட நம்ம ஆளுங்க படகையே இவன் நிறுத்த வேண்டி வந்தா?" வரலாம். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலும் வேலைக்குப் போடுவார்கள், குஜராத்திலும் அந்தமானிலும் போடுவார்கள். எங்கே என்பது நம் கையில் இல்லை. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லக் கூடாது. பையனும் அப்பாவும் படகில் உட்கார்ந்து பேச வேண்டியது. பேசி முடித்து, அவன் சரி என்றால், அடுத்த அறிவிப்பு வந்ததும் பிறந்த தேதி வரம்பைத்தான் முதலில் பாருங்கள். ஒரு நாள் தள்ளிப் போனாலும் அந்த பேட்ச் போச்சு.