ஒன்பதாவதில் படித்தது நிற்கவில்லையா?

அக்கா, எட்டாவது வரை நன்றாகப் படித்த பையன், ஹைஸ்கூல் மாறியதும் அறிவியலில் 28 மார்க், தினம் 2 மணி நேரம் உட்கார்ந்தும் மறந்துபோகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து திட்டாதீர்கள். திரும்பத் திரும்ப வாசிக்கிறான், பார்க்காமல் சொல்லிப் பார்ப்பதில்லை. என் மகளும் இப்படித்தான் இருந்தாள்.

ராத்திரி புத்தகத்தை மூடிவிட்டு, அன்றைய பாடத்தைப் பழைய நோட்டில் எழுதச் சொன்னேன். ஒளிச்சேர்க்கைக்குச் சூரிய ஒளி, தண்ணீர், பச்சையம் என்று எழுதுவாள். கார்பன் டை ஆக்சைடு விட்டுப்போயிருக்கும். விட்டதைச் சிவப்புப் பேனாவில் சேர்ப்பாள். மறுநாளும் அடுத்த வாரமும் அந்தச் சிவப்பை மட்டும் பார்ப்பாள். மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி ஒரே நாளில் நழுவிவிடும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதியிருக்கிறார்.

40 நிமிடம் போதும், போன் அடுத்த அறையில் இருக்கட்டும். கணக்குக்கு மட்டும் இது உதவாது, போட்டுப் பார்த்தே ஆகணும்.