டபுள் ப்ரமோஷன் வேண்டாம், நான் வாங்கியவன்

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் எதையும் ஒரு தடவை சொன்னாலே பிடித்துக்கொள்கிறான், டபுள் ப்ரமோஷன் கேட்கலாமா, மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

சேலம் அம்மாப்பேட்டையில் தறிக்கார வீடு எங்களுடையது. என்னை இரண்டாம் வகுப்பிலிருந்து நேரே நான்காம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். பாடம் கஷ்டமாக இல்லை. ஆனால் விளையாட்டில் நான் ஒப்புக்குச் சப்பாணி, வீட்டுக்கு யார் வந்தாலும் "17-ஐ 19-ஆல் பெருக்கிச் சொல்லு கண்ணு" என்று நிற்க வைப்பார்கள், தப்பாகச் சொன்னால் கற்பூர புத்தி என்ற பேர் போய்விடுமே என்ற பயத்தில் தெரியாத கணக்குப் பக்கமே போகாமல் இருக்கப் பழகிவிட்டேன். கல்லூரி முடியும்வரை அந்தப் பயம் விடவில்லை.

ஹங்கேரியில் ஜான் வான் நியூமனுக்குச் செய்ததைப் பாருங்கள். அவ்வளவு பெரிய கணித மூளை, இருந்தும் அப்பா அவரை வகுப்புத் தாண்ட விடவில்லை. வயதுக்கேற்ற வகுப்பிலேயே படித்தார், கணக்குக்கு மட்டும் பல்கலைக்கழக அளவில் தனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அவரைக் கண்டுகொண்ட பள்ளி ஆசிரியர் லாஸ்லோ ராட்ஸ், 1894-இல் தொடங்கிய மாணவர் கணிதப் பத்திரிகை ஒன்றையும் பல வருடம் நடத்தியவர். அதில் வரும் கணக்குகளுக்கு எந்த ஊர்ப் பிள்ளையும் விடை எழுதி அனுப்பலாம்.

சிங்கப்பூரில் 1984 முதல் மூன்றாம் வகுப்பிலேயே தேர்வு வைத்து, நூற்றுக்கு ஒரு பிள்ளை என்ற அளவில் பிரித்தெடுத்துத் தனி வகுப்பு நடத்தினார்கள். 2024-இல் அவர்களே அதை மாற்றுவதாக அறிவித்தார்கள், இனி பிள்ளைகள் தங்கள் பள்ளியிலேயே இருந்து கூடுதலாகப் படிக்கலாம்.

எனக்கு ராட்ஸ் மாதிரி வாய்த்தவர் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த மாமாதான். ஒரு மே மாத லீவில், "எல்லாச் செடியையும் எண்ணாம, தோட்டத்துல மொத்தம் எத்தனை காய்னு சொல்லு பாப்போம்" என்றார். நாலு செடியை எண்ணிப் பெருக்கிக்கொண்டு ஓடினேன். தப்பு என்று அவர் சொல்லவே இல்லை. "சில்வர் ஓக் நிழல்ல நிக்கிற செடியை எண்ணினியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் அந்த லீவு முழுக்க அதே கணக்குதான், தினமும் தப்பாக வந்தது, ஒரு நாளும் அழவில்லை.

உங்கள் மகன் அதே வகுப்பில், அதே கூட்டாளிகளோடு இருக்கட்டும். சாயங்காலம் ஒரு வாரம் யோசித்தாலும் விடை வராத கணக்காக ஒன்று கொடுங்கள், சொந்தக்காரர்கள் வந்தால் மட்டும் அவனைக் கூப்பிட்டு நிறுத்தாதீர்கள்.